தினமும் என் முகத்தை வரைய ஆசை, பத்து நாள்கூடத் தாண்டவில்லை

வாசகியின் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 41 வயது. கணக்கு எழுதும் வேலை. பள்ளி நாட்களில் நன்றாக வரைந்தவர், அப்புறம் 20 வருடமாகப் பென்சிலைத் தொடவில்லை. கடந்த ஆண்டு ஒரு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். சில மாதங்களில் முகம் உருண்டையாக உப்பிவிட்டது, கன்னத்தில் பருக்களும் வந்தன. இப்போது நோய் கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவர் மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார். ஆனால் அதற்குள் கண்ணாடியைத் தவிர்க்கும் வழக்கம் வந்துவிட்டது. தினமும் தன்னையே வரைந்தால் விட்டுப்போன பழக்கமும் திரும்பும், முகமும் பழகிவிடும் என்று நினைத்து ஆரம்பித்திருக்கிறார்.

மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நின்றுவிட்டது. முதல் முறை, எல்லோரும் தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் வரைவதாகத் திட்டம். ஆறாம் நாள் அசதியில் தூங்கிவிட்டார். ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நோட்டை எடுத்து வைத்துவிட்டார். இரண்டாம் முறை, குளியலறைக் கண்ணாடி முன் மங்கலான விளக்கில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகம் திடீரென்று வேறு யாரோ போலத் தெரிந்து பயந்துவிட்டார். மூன்றாம் முறை கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தார். ஒன்பதாம் நாள் கணவர் அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், பெருமையாகத்தான். "யார் மேல இவ்வளவு கோபம்?", "மூக்கு யாரோடது?" என்று பதில்கள் வந்தன. அன்று மூடிய நோட்டை அவர் இன்னும் திறக்கவில்லை.

அவர் கேட்பவை இவை: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழகிவிடும் என்கிறார்களே, எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா? முகம் வேறாகத் தெரிந்தது மனநோயின் அறிகுறியா? கண்ணாடியை விட்டுவிட்டுப் புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா? கணவரிடம் என்ன சொல்வது? என் ஒன்பது வயது மகளும் கூட உட்கார்ந்து வரைய ஆசைப்படுகிறாள், விடலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடுவதே நல்லதா?

அன்புள்ள வாசகிக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் இதுவரை செய்த விதத்திலேயே நான்காம் முறையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மன உறுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உடம்பு சரியில்லாத ஒரு வருடத்தில், வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு காரியத்தை மூன்று முறை புதிதாக ஆரம்பித்தவரிடம் இல்லாதது மன உறுதி என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் நிறுத்திய மூன்று சந்தர்ப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் முறை காரணம் அசதி, இரண்டாம் முறை பயம், மூன்றாம் முறை அவமானம். மூன்றிலும் சோம்பல் இல்லை. ஆனால் மூன்றுக்கும் அடியில் பொதுவாக ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் வரைந்து முடித்ததும் அந்தப் பக்கத்துக்கு ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் உங்கள் சொற்களே இருக்கின்றன: "இன்றைக்கும் அசிங்கமாக வந்தது", "என்னைப் போலவே இல்லை", "என்னைப் போலவே இருந்தது, அதுதான் இன்னும் மோசம்". கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போலவே வந்தாலும் தோல்வி, வராவிட்டாலும் தோல்வி என்றால் எந்த மனிதர் ஏழாம் நாள் அந்த நாற்காலியில் போய் உட்காருவார்?

நீங்கள் இரண்டு வேலைகளை ஒரே நோட்டில் போட்டிருக்கிறீர்கள். ஒன்று, தினமும் வரையும் பழக்கம். இன்னொன்று, மாறிப்போன முகத்தோடு சமாதானமாவது. இரண்டும் நல்ல ஆசைகள். ஆனால் முதலாவது சில வாரங்களில் வேர் பிடிக்கக்கூடியது, இரண்டாவது எப்போது நடக்கும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. தினமும் வரைந்தால் முகம் பிடித்துவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். சிலருக்கு அப்படி நடக்கிறது. சிலருக்கு, குறைகளைத் தேடித் தேடிப் பார்க்க இன்னொரு வழியாக அது ஆகிவிடுகிறது. அதனால் முதலில் பழக்கத்தை மட்டும் கையில் எடுப்போம். முகத்தோடான கணக்கு பின்னால் வரட்டும்.

21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது

இந்த எண் உங்களைப் போன்ற எத்தனையோ பேரை வீணாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து பரவிய கணக்கு இது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழக, குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்ததாக அவர் எழுதினார். பழக்கங்களைப் பற்றிய ஆய்வு எதுவும் அவர் செய்யவில்லை. கவனியுங்கள், அவர் சொன்னது "குறைந்தது". அது வாய்க்கு வாய் மாறி, "21 நாளில் எதுவும் பழகிவிடும்" என்று ஆகிவிட்டது. மாறிய முகத்துக்குப் பழகுவதுதான் உங்கள் பிரச்சினையும். அதற்கே அவர் உச்சவரம்பு எதுவும் சொல்லவில்லை.

பழக்கத்தை நிஜமாகவே அளந்து பார்த்த ஆய்வு, பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் செய்தது. 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. வரைவது எளிய செயல் கிடையாது. அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆறாம் நாள் நீங்கள் தூங்கியதால் எதுவும் அறுந்துபோகவில்லை. ஏழாம் நாள் உட்காராததுதான் நிறுத்தியது.

கண்ணாடியில் தெரிந்த வேறு முகம்

கடிதத்தில் இதைத்தான் மிகுந்த தயக்கத்தோடு எழுதியிருந்தீர்கள். வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் விவரித்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன், இது மனநோயின் அறிகுறி மாதிரித் தெரியவில்லை. மங்கிய வெளிச்சத்தில் தன் முகத்தையே அசையாமல் உற்றுப் பார்த்தால் மிகப் பலருக்கு இது நடக்கும். இத்தாலியில் உர்பினோ பல்கலைக்கழகத்தின் ஜியோவான்னி கபூட்டோ இதைச் சோதித்து 2010இல் எழுதியிருக்கிறார். 50 பேரை மங்கலான அறையில் 10 நிமிடம் கண்ணாடி முன் உட்கார வைத்தார். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தங்கள் முகம் பெரிதும் உருமாறித் தெரிந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத ஒருவர் தெரிந்தார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அது ஆரம்பித்துவிட்டது. கண் ஒரே புள்ளியில் நிலைத்து நின்றால் சுற்றியுள்ளவை மெல்ல மங்கும், விட்டுப்போன இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இனி வரைய வேண்டாம். இன்னொன்றும் உண்டு. உச்சியில் எரிகிற விளக்கு யாருடைய முகத்தையும் கெடுத்துத்தான் காட்டும். கண்குழி இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும், கன்னத்தின் கீழ்ப்பகுதி தொங்குவது போலத் தெரியும். ஏற்கெனவே உப்பிய முகத்துக்கு அது இரட்டை அநியாயம். ஜன்னல் பக்கமாக ஒரு தோள் இருக்கும்படி பகலில் உட்காருங்கள். முடியாவிட்டால் ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல் என்று தெளிவாகப் பிரியும். வரையவும் அதுதான் எளிது. கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து அந்த இரண்டு வடிவங்கள் மட்டும் நிற்கும்.

வெளிச்சம் சரியாக இருந்தும், கண்ணாடி முன்னால் இல்லாத நேரத்திலும் இப்படி உருவங்கள் தெரிந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கக்கூடியவை. இதை உங்கள் மருத்துவரும் அறிவார், கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். முகத்துக்காக மாத்திரையை நீங்களாகக் குறைப்பதோ நிறுத்துவதோ மட்டும் கூடவே கூடாது, அது ஆபத்து. மாத்திரையின் அளவு குறையக் குறைய, நிறுத்திய பிறகு சில மாதங்களில், இந்த வீக்கம் பெரும்பாலோருக்கு வடிந்துவிடுகிறது.

கண்ணாடியா, கைபேசியா

புகைப்படம் பார்த்து வரைவது குற்றமோ குறுக்குவழியோ கிடையாது. ஆனால் உங்கள் நிலையில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் உறவினர் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது: "மூக்கு யாரோடது?" கைபேசியை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, காதுகள் தூரத்தில் இருக்கின்றன, அதனால் வரும் கோளாறு அது. நீங்கள் பார்த்ததைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். பார்த்த படம்தான் தப்பு.

படத்தில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போக இன்னொரு காரணமும் உண்டு. நாம் வாழ்நாள் முழுக்கப் பார்ப்பது இடவலம் மாறிய கண்ணாடி முகத்தை. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்ற பெண்களிடம் அவர்களுடைய படத்தையே இரண்டு விதமாக அச்சிட்டுக் காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தை விரும்பினார்கள். நெருங்கிய தோழிகள், நேரில் தெரிவது போன்ற படத்தை விரும்பினார்கள். பழகியது பிடிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் படம் உங்களுக்குக் கோணலாகத் தெரிகிறது என்பதால், மற்றவர்கள் கண்ணுக்கு நீங்கள் அப்படித் தெரிகிறீர்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

"யார் மேல இவ்வளவு கோபம்?" என்று கேட்டவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அவர்கள் பார்த்தது படம் பார்த்து வரைந்த பக்கம், அந்தப் படத்தில் நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. எப்படியானாலும், தன்னைத் தானே பார்த்து வரைபவர்கள் பெரும்பாலும் கடுமையாகத்தான் பார்ப்பார்கள். உற்றுக் கவனிக்கும்போது புருவம் நெருங்கும், உதடு இறுகும், கண் நேராகக் குத்திட்டு நிற்கும். காகிதத்தில் வருவது கவனிக்கிற முகம். அருங்காட்சியகங்களில் தொங்கும் புகழ்பெற்ற சுயசித்திரங்களில் சிரிக்கிற முகங்கள் எவ்வளவு குறைவு என்று ஒரு நாள் பாருங்கள்.

முதல் மாதம் முழு முகம் வேண்டாம்

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. தினமும் முழு முகம் வரைவது ஒன்று. அதை மூன்று முறை பார்த்துவிட்டீர்கள். முகத்தை மறந்துவிட்டுச் செடி, கோப்பை, செருப்பு என்று வேறு ஏதாவது வரைவது இன்னொன்று. அது பாதுகாப்பானது, ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் தவிப்பு அதில் அடங்காது, கண்ணாடியைத் தவிர்ப்பதும் தொடரும். நான் சொல்வது நடுவில் ஒரு வழி. முதல் மாதம் உங்களையே வரையுங்கள், ஆனால் துண்டு துண்டாக. இடது காது, ஒரு புருவம், தாடையின் ஓரம், கழுத்தும் தோளும் சேரும் இடம், பேனா பிடிக்காத கை.

காதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். தன் காதைப் பற்றி யாருக்கும் பெரிய அபிப்பிராயம் இருப்பதில்லை. அதை அழகு என்றும் நினைத்ததில்லை, அசிங்கம் என்றும் நினைத்ததில்லை. அதனால் கண் நேர்மையாகப் பார்க்கும். முகத்தை முக்கால் பங்கு திருப்பிக்கொண்டால் கண்ணாடியில் காது முழுதாகத் தெரியும். வெளி மடிப்பு மேலிருந்து சுழன்று வந்து எங்கே உள்ளே நுழைகிறது, உள் மேடு எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, துவாரத்தின் முன்னால் இருக்கும் அந்தச் சின்ன மூடி எவ்வளவு தூரம் நிழல் போடுகிறது என்று பாருங்கள். 41 வருடம் கூடவே இருந்த ஒன்றை இதுவரை பார்த்ததே இல்லை என்று தெரியவரும். அந்த வியப்புதான் மறுநாள் உங்களை நாற்காலிக்கு இழுத்து வரும். வேறு எந்த அட்டவணையும் அதைச் செய்யாது என்பது என் நம்பிக்கை.

வரைகிற விதமும் முக்கியம். பேனா முனையைக் காகிதத்தில் வைத்துவிட்டு, காகிதத்தைப் பார்க்காதீர்கள். கண் காதின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல நகரட்டும், பேனாவும் அதே வேகத்தில் நகரட்டும். படம் கோணல்மாணலாகத்தான் வரும், கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இந்தப் படத்துக்கு மார்க் போட முடியாது. சில நாள் கழித்து, நடுநடுவே காகிதத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

பென்சில், ரப்பர் வேண்டாம். 24 பென்சில் கொண்ட பெட்டி வாங்கியதாக எழுதியிருந்தீர்கள், அது ஒரு மாதம் அலமாரியில் இருக்கட்டும். சாதாரண பால் பாயிண்ட் பேனா போதும். அழிக்க வழி இல்லை என்றால் அழிப்பதில் நேரம் போகாது. நோட்டு ஏ5 அளவுக்கு (ஏ4 தாளில் பாதி) மேல் வேண்டாம்.

நேரம் 10 நிமிடம். கைபேசியில் அலாரம் வைத்து, அடித்ததும் பாதிக் கோட்டில் இருந்தாலும் நிறுத்துங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் உழைப்பு என்று நினைப்பவர் நீங்கள். ஆனால் பாதியில் நிறுத்திய படத்துக்குத் தீர்ப்பும் எழுத முடியாது. உடம்பு முடியாத நாளுக்கு என்று இரண்டு நிமிட அளவு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோடு, காது மடலின் வெளி ஓரம் மட்டும். அதுவும் வரைந்த நாள்தான்.

இரவை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தின் பின்னால் இதை ஒட்ட வையுங்கள். மகள் பள்ளிக்குக் கிளம்பியதும் என்றோ, வேலை முடிந்து வந்து உடை மாற்றியதும் என்றோ வைத்துக்கொள்ளலாம். எப்போது, எங்கே, எதற்கு அப்புறம் என்று ஒரு வாக்கியமாக எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் வையுங்கள். இப்படி முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், "தினமும் செய்வேன்" என்று பொதுவாகத் தீர்மானித்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நிறுத்தி வைக்கும் சின்னக் கண்ணாடி, நோட்டு, பேனா மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு நடக்காது.

பக்கத்தின் மூலையில் தேதி போடுங்கள், பார்த்த ஒரு விஷயத்தையும் எழுதுங்கள். "காதின் கீழ் நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது", "இடது புருவத்தில் ஒரு வெட்டு" என்ற மாதிரி. நன்றாக வந்தது, வரவில்லை என்று மட்டும் எழுதக் கூடாது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் 13ஆம் வயதில், 1484இல், கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்த படம் வியன்னாவில் இன்றும் இருக்கிறது. இது 1484இல் நான் சிறுவனாக இருந்தபோது கண்ணாடி பார்த்து என்னையே வரைந்தது என்ற பொருளில் பின்னாளில் அவரே அதன் மேல் எழுதி வைத்தார். எப்போது, எதைப் பார்த்து, யாரை என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. படம் எப்படி வந்தது என்று ஒரு சொல்கூட இல்லை.

முழு முகத்துக்குப் போகும்போது

இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் முழு முகம் வரைந்து பாருங்கள். மற்ற நாட்களில் துண்டுகளே தொடரட்டும். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் உங்கள் தலையின் வெளிக்கோட்டைச் சோப்புத் துண்டால் கண்ணாடி மேலேயே வரையுங்கள். பிறகு அதை அளந்து பாருங்கள். உங்கள் தலையின் அளவில் சரிபாதிதான் இருக்கும். பின்னால் தள்ளிப் போனாலும் அதே பாதிதான். கண்ணாடி, உங்களுக்கும் உங்கள் பிம்பத்துக்கும் சரியாக நடுவில் இருப்பதால் வரும் கணக்கு அது. பெரியவர்களின் தலை உயரம் ஏறக்குறைய 22 செ.மீ. என்றால் கண்ணாடியில் 11 செ.மீ. அதே அளவில் காகிதத்திலும் வரைந்தால் பெரிதாக்கும் வேலை மிச்சம், ஏ5 பக்கத்திலும் அது சௌகரியமாக அடங்கும்.

அப்புறம், கண்கள் எங்கே இருக்கின்றன என்று அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரியாக நடுவில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் கண்ணை மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். கவனம் முழுக்கக் கண், மூக்கு, வாயில் இருப்பதால் நெற்றியும் மண்டையும் சுருங்கிவிடுகின்றன, கீழ்முகம் பெருத்துவிடுகிறது. உங்கள் பழைய படங்களில் கன்னம் மிகப் பெரிதாக வந்ததற்கு மாத்திரையை மட்டுமே காரணமாக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அழகாக இருந்ததால் யாரும் தங்களைத் திரும்பத் திரும்ப வரையவில்லை. வின்சென்ட் வான் கோ பாரிஸில் இருந்த 1886 முதல் 1888 வரையிலான இரண்டு வருடத்தில் 20க்கும் மேல் சுயசித்திரங்கள் தீட்டினார். மாடலாக உட்காருபவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதது அதற்கு ஒரு பெரிய காரணம். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் இளம்பெண்ணாக இருந்த காலத்திலிருந்து முதுமை வரை 100க்கும் மேற்பட்ட முறை தன்னை வரைந்திருக்கிறார், களைப்பும் துக்கமும் முகத்தில் ஏறிய ஆண்டுகள் உட்பட. உங்களுக்கு நான் முக்கியமாகக் காட்ட விரும்புவது ஃபின்லாந்தின் ஓவியர் ஹெலன் ஷெர்ஃப்பெக்கை. 1946இல் தன் 83ஆம் வயதில் இறந்த அவர், கடைசி இரண்டு வருடங்களில் மட்டும் சுமார் 20 சுயசித்திரங்கள் வரைந்தார். நோயால் ஒடுங்கி, எலும்பு தெரிய, முகம் ஒவ்வொரு படத்திலும் மாறிக்கொண்டே போகிறது. அவர் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்துவதாகவும் தெரியவில்லை. எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்திருக்கிறார். நீங்கள் வரையப்போவதும் மாறிக்கொண்டிருக்கும் முகம்தான். வீக்கம் வடிய வடிய ஒவ்வொரு மாதமும் தாடையின் ஓரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக வேறாகும்.

நோட்டு யாருடையது

உங்களுடையது. கணவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். நல்ல எண்ணம் இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். வரைந்த படத்தின் உரிமை வரைந்தவருக்கு. அதிலும் இது உங்கள் முகம், நோயோடு இருந்த காலத்து முகம். அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு மட்டுமே பாத்தியதை உண்டு. இதைச் சண்டையாக ஆக்கத் தேவையில்லை. "நீங்க பெருமையாப் போட்டீங்கன்னு தெரியும். ஆனா எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு. குழுவிலிருந்து அதை எடுத்துடுங்க. இனிமே நானே காட்டினா மட்டும் பாருங்க" என்று சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சில நாள் கழிந்துவிட்டால் எல்லோருக்குமாக நீக்கும் வசதி இருக்காது. அப்படியானாலும் அவர் ஒத்துக்கொள்வதுதான் உங்களுக்கு வேண்டியது. அவர் உதவ விரும்பினால் அந்த 10 நிமிடம் வீட்டுத் தொலைபேசியையும் கதவையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாராட்டைவிட அது பெரிய உதவி.

தினமும் பொதுவில் பதிவிட்டால்தான் பழக்கம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அது உதவவும் செய்யும். உங்களுக்கு வேண்டாம். உங்கள் நோட்டுக்குள் ஏற்கெனவே ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், வெளியிலிருந்து இன்னும் 50 பேரை அழைக்க வேண்டியதில்லை.

எப்போது நிறுத்திவிட்டு உதவி தேட வேண்டும்

இது முக்கியம், நிதானமாகப் படியுங்கள். 10 நிமிட அலாரம் அடித்த பிறகும் கண்ணாடியை விட்டு எழ முடியாமல் முகத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தால், பருக்களைக் கிள்ளும் பழக்கம் ஆரம்பித்தால், வரைந்த நாளில் வெளியே போகவே மனம் வராமல் போனால், இந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். தோற்றத்தில் இருப்பதாகத் தோன்றும் குறையைப் பற்றிய எண்ணம் நாளில் மணிக்கணக்கை விழுங்கினால், அதற்குப் பெயரும் சிகிச்சையும் உள்ள நிலை அது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும், நோட்டு அதற்கு மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, மனம் தாழ்ந்தே இருந்தாலும் அப்படித்தான். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் உதவி கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட ஒரு பயிற்சியைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடுவது என் தொழிலுக்கு அழகில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக உட்காரட்டும், ஆனால் வாரத்தில் ஓரிரு நாள் போதும். மீதி நாட்களின் 10 நிமிடம் உங்களுக்கே இருக்கட்டும். அவளுக்குத் தனி நோட்டும் தனிக் கண்ணாடியும் கொடுங்கள். அவள் படத்தை "அழகு" என்றோ "சரியில்லை" என்றோ சொல்லாமல், என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பற்றி அவள் காதில் விழும்படி குறை சொல்லாதீர்கள், ஒன்பது வயதில் பிள்ளைகள் அதை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவள் உங்களை வரைய ஆசைப்பட்டால், அன்றைக்கு மட்டும் நீங்கள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு அவள் காதை வரையுங்கள்.